நாலாம் இலக்கக்காரி

யாரோ உதைத்தார்கள்.
வலது தொடையின் பின்புறம், நடுவில்,
'டப்' என்று ஒரு சத்தம்.
காதுக்குக் கேட்டதா, காலுக்குக் கேட்டதா,
இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

புர்க்டோர்ஃப். அக்டோபர். எழுபத்தோராம் நிமிடம்.
எம்மெ ஆற்றங்கரை மைதானத்தில் பனிப்புகார்
கோல்கம்பம் வரைக்கும் வந்து நின்றது.
பந்து எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது,
நான் அதற்குப் பின்னால்,
அப்புறம் நான் புல்லில்.

ஒற்றைக்காலில் எழும்பித் திரும்பி
லிஸ் அணியின் நாலாம் இலக்கக்காரியை ஏசினேன்
எனக்குத் தெரிந்த இரண்டு மொழிகளிலும்.
ஐந்து மீற்றர் தள்ளி நின்றாள் அவள்,
வெறுங்கைகளை விரித்துக்கொண்டு.
மஞ்சள் அட்டை எனக்குத்தான்.

"இழுத்து நீட்டு, போய்விடும்" என்றார் பயிற்சியாளர் ஹவுசி.
நீட்டினேன்.
போகவில்லை.
பிரமிளா கைப்பையிலிருந்து தைலம் எடுத்து
சூடு பறக்கத் தேய்த்துவிட்டாள்,
பாவம், அன்பாகத்தான்.
உள்ளே கசிந்துகொண்டிருந்த இரத்தத்துக்கு
அந்த அன்பு இன்னும் கொஞ்சம் வழிவிட்டது.

மூன்றாம் நாள் குளியலறைக் கண்ணாடிக்கு
முதுகைக் காட்டி, கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன்:
நாவல்பழம் நசுங்கிய கறை.
அடுத்த நாள் அது முழங்கால் மடிப்புக்கு இறங்கியிருந்தது.
கிழிந்தது மேலே, கறுத்தது கீழே.
இரத்தத்துக்கும் பள்ளம்தான் தெரியும்.

முதியோர் இல்லத்தின் சலவையறையில் எனக்கு வேலை.
இயந்திரத்தின் வயிற்றுக்குள் குனிந்து
ஈர விரிப்புகளை அள்ளவேண்டும்.
குனிதல் என்பது தொடையின் பின்பக்கம் என்று
முப்பத்தொரு வயதுவரை எனக்குத் தெரியாது.

பிசியோ ரெகுலா என்னைக் குப்புறப் படுக்கவைத்து
விரலால் படிப்படியாக மேலேறி வந்தாள்.
இங்கேயா? இங்கேயா?
உட்காரும் எலும்புக்கு ஒரு சாண் கீழே நான் சீறினேன்.
"நல்லது," என்றாள், "மேலே போகப் போக மாதங்கள் கூடும்."
குதிக்காலைப் பின்னுக்கு மடக்கச் சொல்லி
உள்ளங்கையால் தடுத்தாள்.
இத்தனை கோல் அடித்த கால்
ஒரு கையைத் தள்ளமுடியாமல் நடுங்கியது.

முதல் வாரம்: இறுக்கிச் சுற்றிய துணி,
துவாயில் பொதிந்த ஐஸ், சின்னச் சின்ன நடை.
பிறகு மல்லாந்து, பாதம் ஊன்றி,
இடுப்பை மட்டும் தூக்கித் தாங்குவது.
பிறகு அதையே ஒற்றைக்காலில்.
நவம்பர் முழுக்க என் வரவேற்பறை விரிப்பில்
நான் எழுந்து இறங்கும் ஒரு பாலமாக இருந்தேன்,
கீழ்வீட்டு ஹேர் ஷுபாக் கூரையைத் தட்டும்வரை.

ஐந்தாம் வாரம் வலி போய்விட்டது.
ஓடலாமா என்றேன்.
வலி போனதும் காயம் ஆறியதும் ஒன்றில்லை என்று
ரெகுலா தொடங்கும்போதே நிறுத்தினேன்.
எனக்குத் தெரியும்.
நான் தைத்து அனுப்பும் விரிப்புகள்
தையலுக்குப் பக்கத்தில்தான்
மறுபடி கிழிந்து வருகின்றன.

ஒன்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை.
முதல்நாள் இரவுப்பணி, மூன்று மணி நேரத் தூக்கம்,
ரயில் பிந்தியதால் உடல் சூடாக்காமல்
நேரே மைதானத்துக்குள் இறங்கினது.
உதைத்தவர்களின் பட்டியலில்
நாலாம் இலக்கம் எங்குமே இல்லை.

மார்ச். லிஸ். பீஸ் காற்று காதை அறுத்தது.
கோட்டுக்கு வெளியே தடித்த ஜாக்கெட்டுடன் அவள் நின்றாள்.
ஆட்டம் தொடங்குமுன் போய்ச் சொன்னேன்:
"அன்றைக்கு நீ உதைக்கவில்லை."

"தெரியும்" என்றாள். பெயர் அனிக்காம்.
இடது தொடையின் பின்புறம் மெல்லத் தட்டிக் காட்டினாள்.
"இரண்டு கிழமைக்கு முன் எனக்கும் யாரோ உதைத்தார்கள்.
திரும்பி உன்னைத்தான் தேடினேன்."

சிரித்து முடித்த பிறகு கேட்டேன்,
"இழுத்து நீட்டினாயா?"

அவள் தன் சப்பாத்தைப் பார்த்தாள்.